வசதிக் கட்டணம்

பங்சார் சவுத், பதினான்காவது மாடி.
எண் மூன்றை அழுத்தினால் தமிழ்.
தமிழுக்கு நான் ஒருத்திதான்.

சுங்கை சிப்புட் குணாளன், லாரி ஓட்டுகிறவர்,
இன்ஜினை அணைக்காமலே கேட்டார்:
"நூத்தி எம்பத்தெட்டு வெள்ளின்னு போட்டிருந்துச்சு.
ரெண்டு டிக்கெட் எப்படிம்மா
நானூத்தி இருபத்துநாலு?"

திரையில் இருந்ததை வாசித்தேன்.
வசதிக் கட்டணம், இருக்கைக்குப் பதினெட்டு.
செயலாக்கக் கட்டணம் எட்டு.
வீட்டிலேயே அச்சிட்டுக்கொள்ள நான்கு.

"என் பிரிண்டரு. என் தாளு. என் மை."
மீதிச் சில்லறையை எண்ணுவது போல
ஒவ்வொன்றாக வைத்தார்.
அப்புறம்,
"வசதி யாருக்கு?"

கையேட்டில் இதற்குப் பக்கம் இல்லை.
'உங்கள் பொறுமைக்கு நன்றி'
நாற்பத்தொன்றில் இருக்கிறது,
அதைச் சொல்ல வாய் வரவில்லை.

வேறு கடையில் வாங்கலாமா என்றார்.
அரங்கத்து முகப்பும் நாங்கள்தான்.
வேறு ஊர்?
அந்த ஊர் மண்டபமும்
பத்து வருடத்துக்கு எங்களிடம் கையெழுத்துப் போட்டிருக்கிறது.
கைமாற்றி விற்கிறார்களே, ஊதா நிறத்தில் ஒரு தளம்?
பத்து மணிக்குத் திறந்தோம்,
பத்து ஒன்பதுக்குப் பாதி அரங்கம் 'விற்றுத் தீர்ந்தது',
பத்து பன்னிரண்டுக்கு அதே நாற்காலிகள்
ஊதாவில், மூன்று மடங்கு.
ஊதாவுக்குப் பதில் சொல்லும் சுல்ஹைடா
என் பக்கத்து மேசை.
எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மைலோ டின்.

இதில் எதையும் அவரிடம் சொல்லவில்லை.
"மூன்று நிமிடம்தான் இருக்கு அண்ணே,
இருக்கை போயிடும்" என்றேன்.
"மவளுக்கு எஸ்.பி.எம். முடிஞ்சா கூட்டிட்டுப் போறேன்னு
வாய் விட்டுட்டேன்."
கார்டு எண்ணை மெதுவாகப் படித்தார்.
கடைசி நான்கை இரண்டு தடவை.

ஆகஸ்டில் போட்டி ஆணையத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள்,
கழுத்தில் அட்டை, கையில் காலிப் பெட்டிகள்.
'தர மேம்பாட்டுக்காக இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது.'
நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறேன்,
யாராவது கேட்பார்கள் என்று
ஒருநாளும் நினைத்ததில்லை.

தமிழ்ப் பதிவுகளை மலாயில் எழுதித் தரச் சொன்னார்கள்.
ஹெட்போனில் குணாளன்.
என் குரல் எனக்கே அந்நியமாக,
சோப்புப் போட்டுக் கழுவிய மாதிரி.
வசதி யாருக்கு?
அதற்குப் பிறகு நான்.
நான் இல்லை.
பதினோரு வினாடி எதுவும் இல்லை.

"மௌனம்" என்று எழுதினேன்.
பக்கத்தில் இருந்த அதிகாரி, நோரிடாயு,
பின்னால் ஓட்டச் சொன்னார்.
"மௌனம் இல்லையே. அது என்ன சத்தம்?"

மறுபடி கேட்டேன்.
கோப்பைக்குள் கரண்டி சுற்றுகிறது.
நின்றது.
ஒரு பெண் குரல், வெகு அருகில், உற்சாகமாக
ஊதாக் கம்பெனியின் பெயரைச் சொல்லி
செலாமாட் பாகி என்கிறது.

"இவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்?"

கண்ணாடிச் சுவருக்கு அப்பால்
சுல்ஹைடா டின்னைத் திறந்துகொண்டிருந்தாள்.
எனக்கும் சேர்த்து
இரண்டு கோப்பை.