நூற்றுக்கு இரண்டு

மருதாநதி அணைக்கு மேலே
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் வரிசை முடிகிற இடத்தில்
எங்கள் தகரக் கொட்டகை.
தாண்டிக்குடியிலிருந்து இறங்கும் குளிர்
இரவு இரண்டு மணிக்கு
ஆணி ஓட்டைகள் வழியாக உள்ளே வரும்.
தொட்டிக்கு இருபத்தெட்டு டிகிரி வேண்டும்.
கரண்ட் போனால் முதலில் ஜெனரேட்டர்,
அப்புறம்தான் என் ஸ்வெட்டர்.

வேலை வாயிலிருந்து தொடங்குகிறது.
தாய் ஜிலேபி முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாக்கும்,
பொரித்து நீந்தும்வரை எதுவும் தின்னாது.
இடது கையில் பிடித்துக்கொண்டு
கட்டைவிரலால் கீழ்த்தாடையை அழுத்தி
வாளித் தண்ணீரில் தலைகீழாக அலசினால்
மஞ்சள் மஞ்சளாகக் கொட்டும்.
கொட்டிய பிறகும் சில மீன்கள்
வாயை இறுக மூடிக்கொண்டே நீந்தும்.
அதைப் பார்க்காமல் இருக்கப் பழக
எனக்கு ஒரு மாதம் ஆனது.

ஒரு கிலோ தூள் தீவனம்,
அறுபது மில்லிகிராம் மருந்து,
அதைக் கரைக்க அரை லிட்டர் எத்தனால்.
எத்தனால் குறைகிறதென்று
வாட்ச்மேன் இருளாண்டியை வேலையை விட்டு அனுப்பினார் முதலாளி.
கேனுக்கு மூடி சரியில்லை.
குடித்தது காற்று.

மாஸ்க், இரட்டைக் கையுறை.
தெளித்து, பிசறி, நிழலில் உலர்த்தி
தினம் ஆறு வேளை, இருபத்தொரு நாள்.
இரண்டு கண்ணும் ஒரு நூலிழையுமாக இருப்பவை
ஆண் என்றும் தெரியாது, பெண் என்றும் தெரியாது,
பசி மட்டும் தெரிந்து
மேலே வந்து தின்னும்.

எதற்கு இதெல்லாம் என்று கேட்ட பேங்க் மேனேஜரிடம்
முதலாளி சொன்னார்:
"பொட்ட மீனு தின்னதையெல்லாம் முட்டையாக்கிரும் சார்,
எடை நிக்காது.
ஆண்னா ஆறு மாசத்துல அரைக்கிலோ."
டீ கொடுத்துவிட்டு நின்றிருந்தேன்.
இரண்டு பிள்ளை பெற்றவள்,
நாற்பத்தொரு கிலோ.

மாதக் கடைசியில் நூறு குஞ்சுகளை அறுத்துப் பார்ப்பது ஃபெலிசியா.
கண்ணாடிச் சில்லு, ஒரு சொட்டுச் சிவப்புச் சாயம்,
பெருவிரலால் ஓர் அழுத்தம்.
பொடிப்பொடியாகத் தெரிந்தால் ஆண்,
வட்டவட்டமாகத் தெரிந்தால் பெண்.
தொண்ணூற்றெட்டு என்று எழுதிவிட்டு ஒருநாள் சொன்னாள்:
"அக்கா, இதுல பாதி பொறப்புல பொண்ணுதான்.
மருந்து மேலதான் எழுதும்.
உள்ள இருக்கிற எழுத்து அப்படியேதான் இருக்கும்."
அப்படியானால் அவை யார் கணக்கில் வரும் என்று கேட்டேன்.
"மொதலாளி கணக்குல" என்றாள்.

ஐப்பசியில் பட்டிவீரன்பட்டி சவுந்தரபாண்டி
பெயிண்ட் டப்பாவோடு வந்து நின்றார்.
டப்பாவில் குஞ்சுகள்.
"ஆண் மீனுன்னு ஐயாயிரம் வாங்கினேன்,
இது எவன் பெத்தது?"
நூற்றுக்கு இரண்டு தப்பும் என்று
பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது.
அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஜீப்பில் போனோம். அவர் குளத்தில் வலை இழுத்தார்கள்.
கொழுத்த மீன்களுக்கு நடுவே சிறிதாக ஒன்று,
துள்ளவில்லை, தாடை உப்பி,
உதடு ஒட்டி.
கையில் எடுத்தேன்.

"வாயைத் திற, செசிலி" என்றார் முதலாளி.

கட்டைவிரலை வைத்தேன்.
உள்ளே ஏதோ அசைவது விரலுக்குத் தெரிந்தது,
வாய்க்குள் அரிசி நகர்வதுபோல.
அழுத்தவில்லை.
"ஆண்" என்றேன்,
தண்ணீரில் விட்டேன்.

அவர் நோட்டில் குறித்துக்கொண்டார்.