நேற்று ஏன் காணேல்லை

தை மாசம் வாங்கின சப்பாத்து
ஆனி முடியுமட்டும் அலுமாரிக்கு மேல் கிடந்தது,
பெட்டி திறக்காமல்,
பிள்ளைகளின் பழைய கொப்பிகளோடு.

கிளினிக்கில் தாதி
குத்தின விரலைப் பஞ்சால் அமத்திப் பிடித்து
இருநூற்றிப் பதினெட்டு என்றாள்,
வீட்டு இலக்கம் சொல்லுற மாதிரி.
"நடக்கிறனீங்களோ?"
நடக்கிறன் என்றேன்.
கந்தோர் மேசையில் இருந்து கன்ரீனுக்கு
நடக்கிறன்தானே.

நாளையில் இருந்து என்பது
எனக்குப் பழக்கமான ஒரு ஊர்.
அங்கே நான் எப்பவோ மெலிந்துவிட்டேன்.
குரக்கன் பிட்டும் வல்லாரைச் சம்பலும் தின்று
ஒன்பதரைக்கே படுத்துவிடுகிற மனிதன்.
இங்கே, பின்னேரம் நாலு மணிக்கு
கந்தோருக்கு முன்கடையில் றோல்ஸ் பொரியும்.
ஒன்று.
பிறகு சும்மா ஒன்று.

கனடாவில் இருந்து மச்சான்
அடி எண்ணுகிற மணிக்கூடு அனுப்பினான்.
அதைக் கட்டிக்கொண்டு நான் தேங்காய் துருவினேன்.
அறுநூற்றி நாற்பது அடி என்று
கண்ணாடிக்குள் பட்டாசு கொளுத்தியது அது.
"இனிச் சொதி குடிச்சால் எத்தனை அடி?"
கமலறஞ்சினி கேட்டுவிட்டு
துருவலை அள்ளிக்கொண்டு போனாள்.

வெளிக்கிட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை.
கரண்ட் போன ஒரு விடியப்புறம்,
மின்விசிறி நின்றது, நுளம்பு வந்தது.
இனிப் படுத்துப் பிரயோசனமில்லை.
சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தால்
வயிறு குறுக்கே நின்று மறிக்கிறது.
மூச்சைப் பிடித்து ஒரு காலைக் கட்டி
இருந்து இளைப்பாறி
மற்றக் காலைக் கட்டினேன்.

கோட்டை தாண்டிப் பண்ணைப் பாலம்.
கடல் இன்னும் சாம்பல் நிறம்.
களங்கட்டிப் பக்கமிருந்து
தொடையளவு தண்ணிக்குள்
பறியோடு ஒருவர் நடந்து வந்தார்.
"எங்கை அவசரம்?"
ஓரிடமும் இல்லை.
"பின்ன?"
சீனி, என்றேன்.
அவர் சிரிக்கத் தண்ணியும் சேர்ந்து குலுங்கியது.
"எனக்கும் கிடக்கு. இருபது வருசமாய்
இதுக்குள்ளதான் நடக்கிறன். அது போகேல்லையே."

பெயர் பொனிபஸ். குருநகர்.
அவர் நடந்தால் இறால் வரும்.
நான் நடந்தால் வேர்வை வரும்.

மூன்று நாள் போனேன்.
நாலாம் நாள் மழை மாதிரி இருந்தது,
மழை இல்லை.
ஐந்தாம் நாள் அவர் தண்ணிக்குள் நின்றபடி
"நேற்று ஏன் காணேல்லை?"

இருபத்தாறு வருசமாய்
வரவுப் புத்தகம் என் பெயருக்கு நேரே
சிவப்புக் கோடு கீறியிருக்கிறது.
ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்லை.

பிறகு நல்லூர்க் கொடியேறியது.
ஐஸ்கிறீம், கச்சான்,
தண்ணீர்ப் பந்தலில் சீனி கரைத்த சர்பத்.
பதினொரு நாள் சப்பாத்துக்குள்
சிலந்தி குடியிருந்தது.
வெட்கத்தோடுதான் திரும்பப் போனேன்,
கடன் வாங்கினவன் கடைக்கு முன்னால் போகிற மாதிரி.
களங்கட்டிக் கம்பில் கொக்கு நின்றது.
ஆள் இல்லை.
அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாளும்.
அந்த மூன்று நாளும்
நான் நடந்தது சீனிக்காக இல்லை.

நாலாம் நாள் பாலக்கட்டில் இருந்தார்,
வலது காலுக்குப் பொலித்தீன் பை சுற்றி.
நேற்று ஏன் காணேல்லை, என்றேன்.
"சிப்பி வெட்டிப்போட்டுது. ஆஸ்பத்திரியில மறிச்சு வைச்சவங்கள்."
எவ்வளவு?
"முன்னூற்றிச் சொச்சம்."
மீன் நிறை சொல்லுகிற குரல்,
ஆனால் கொஞ்சம் இறக்கி.

சீனி போடாத தேத்தண்ணி
பிளாஸ்கில் கொண்டு போயிருந்தேன்.
ஒரு முறடு குடித்து முகம் சுழித்தார்.
"இதைக் குடிக்கிறதுக்குக் கடலைக் குடிக்கலாம்."
என்றாலும் மூடியை நீட்டினார், இன்னும் கொஞ்சம்.

வெயில் ஏறினது தெரியாமல் இருந்தோம்.
என் கையில் மணிக்கூடு அதிர்ந்தது.
"ஆர் கூப்பிடுறது?"
மச்சான், என்றேன்.
"என்னவாம்?"
கனநேரமாய் இருக்கிறமாம்,
எழும்பட்டாம்.