ஏழாம் இலக்க வள்ளம்

படிவத்தில் குழுவின் பெயர் கேட்டிருந்தது.
ஜெசிந்தா மச்சாள் யோசிக்காமல்
'கடன்' என்று எழுதினாள்.
மூன்று சுற்றுக்கும் சேர்த்து ஐயாயிரம்,
சங்கத்தில் மாறின காசு.

விதிகளை மைக்கில் வாசித்தார்கள்.
வலை கூடாது, தூண்டில்தான்.
செப்பலி மட்டும்.
நாற்பது சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் கணக்கில்லை,
அறுபதைத் தாண்டினாலும் கணக்கில்லை.
அளந்தபின் உயிரோடு விடவேண்டும்.

"விடுறதோ?" என்றாள் மச்சாள்,
கொக்கிளாய்க் கரையே திரும்பிப் பார்க்க.

வெயில் ஏறுமுன்
கண்டல் வேரடியில் இறால் குத்திப் போட்டோம்.
கெளிறு. கெளிறு. பிறகும் கெளிறு.
எட்டரைக்குத் தங்கூசி என் விரலை அறுத்தது.
முகத்துவாரப் பக்கம்
வள்ளம் தானாகவே திரும்பிற்று.

புளிபோட்டு மினுக்கின செம்புக்குடம்போல
பலகையில் கிடந்தது:
அறுபத்திரண்டு.
வாலை மடித்துப் பார்த்தோம்,
அறுபத்தொன்றரை.

மச்சாள் வாய்க்குள்
கிலோ விலையைப் பெருக்கினாள்.
சாட்சிக்கு ஏற்றிவிட்ட பொடியன்
நெடுநேரமாய்
ஒரு கொக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அணியத்துத் தண்ணீரில்
செவுள் திறந்து மூடியது.

கரையில் ஒலிபெருக்கி:
"எல்லாரும் வந்திட்டினம்.
கடன் மட்டும் இன்னும்
கரைசேரேல்லை."