சமையலறை நாற்காலிகள்

காற்று ஆளைச் சாய்த்துவிடும் என்று
புந்தா அரேனாஸ் தெருமுனைகளில் கயிறு கட்டுகிற நவம்பர்.
அந்த வாரம்தான் ஹெர்மினியோவின் இதயம் தாளம் தப்பியது.
காலையில் ஒன்று, இரவில் ஒன்று
மாத்திரை கொடுத்தார்கள்.
அடங்கிவிட்டது.

ஒன்பதாம் நாள் காலை
சமையலறையில் ஒரு நாற்காலி குறைந்தது.
படுக்கையறையில் இருந்தது, கட்டிலைப் பார்த்தபடி.
மறுநாள் இரண்டு.
ஞாயிற்றுக்கிழமை நாலும்.
நின்றுகொண்டே ரொட்டி தின்றேன்.

கேட்டால், முதுகு வலி என்றார்.
முதுகு வலிக்கு நாலு நாற்காலியா?

ஓர் இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தது.
ஜலசந்தியில் முப்பத்தொரு வருஷம் படகு ஓட்டிய மனுஷன்
எழுந்து உட்கார்ந்து
காலி நாற்காலிகளிடம், அத்தனை மரியாதையாக,
"கோட்டைக் கழற்றுங்கள்,
தரையெல்லாம் ஈரமாகிறது" என்கிறார்.

தரையைத் தொட்டுப் பார்த்தேன்.
காய்ந்துதான் கிடந்தது.
தொட்டுப் பார்த்தேனே,
அதற்குத்தான் இன்னும் கூசுகிறது.

கத்திகளை மாவு டப்பாவுக்குள் புதைத்தேன்.
ஈயைக்கூட அடிக்கத் தெரியாதவர், தெரியும்.
தெரிந்தும் புதைத்தேன்.
சாந்தியாகோவில் இருக்கும் மகனைக் கூப்பிட்டு
மழையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வைத்தேன்.

"நெஞ்சு டாக்டரிடம் போய்
தலையைப் பற்றி யாராவது பேசுவார்களா?" என்றார்.
நான் பேசினேன்.

டாக்டர் குசானோவிச், என் மருமகள் வயசுதான்,
பதறவில்லை. பாவம் என்றும் பார்க்கவில்லை.
சுவர்க் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
முதல் மாத்திரை என்றைக்கு,
முதல் நாற்காலி என்றைக்கு என்றாள்.
விரல்விட்டு எண்ணினாள்.
சீட்டில் ஒரு வரியை அடித்து வேறொன்று எழுதினாள்.
"திடீரென்று நிறுத்தக்கூடாது. பாதி, அப்புறம் கால்."

வீட்டுக்கு வந்து, மருந்துப் பெட்டிக்குள் இருந்த
எட்டாய் மடித்த தாளை விளக்கடியில் விரித்தேன்.
எறும்பு எழுத்து. கடைசிக்கு முந்தைய வரியில்,
இல்லாததைக் காணுதல்: மிக அரிது.
எங்கள் கட்டிலில்
இருவரில் ஒருவருக்கு.

வந்தவர்கள் யார் என்று நான் கேட்கவில்லை.
போனதை அவரும் சொல்லவில்லை.
நாற்காலிகள் மட்டும் திரும்பின,
மூன்று ஒரே நாளில்,
ஒன்று இரண்டு வாரம் கழித்து.

நேற்று சூப் ஆறிக்கொண்டிருக்கும்போது கேட்டார்:
"எடுவினா, நீ பயந்தாயா?"
"சேச்சே, நானா?"

ரொட்டி அறுக்கக் கத்தியை எடுத்தார்.
பிடியின் இடுக்கில்
கொஞ்சம் மாவு.

பார்த்தார்.
கால்சட்டையில் துடைத்துக்கொண்டு அறுத்தார்.
பெரிய துண்டை என் பக்கம் தள்ளினார்.