பத்து கிலோவுக்குக் கீழே

வேலந்தாவளத்தில் எடைமேடை என் வேலை.
தக்காளி லாரி ஏறும்.
எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து
ரசீதை ஓட்டை வழியாக நீட்டுவேன்.
காற்றடித்தால் எண் நிற்காது.
அடியில் சேறு சேர்ந்தால்
ஒன்றுமே இல்லாத மேடை நாற்பது கிலோ காட்டும்.
கழுவிவிட்டுப் பூஜ்யத்தை அழுத்துவேன்.

பெனிட்டாவுக்கு எதை அழுத்துவது?

முதலில் குழாயை மூடச் சொன்னாள்.
பிறகு செல்போனை.
எல்லையில் குடியிருப்பவர்களுக்கு
கேரளம் வரவேற்கிறது, தமிழ்நாடு வரவேற்கிறது என்று
நாளெல்லாம் செய்தி வரும்.
எல்லாருக்கும் வரும்.
அவளுக்கு மட்டும் அது அவளுக்காகவே வந்தது.

குரல்கள் இரண்டாம். ஓர் ஆண், ஒரு பெண்.
அவளிடம் பேசாது. அவளைப் பற்றிப் பேசிக்கொள்ளும்.
"தோ, சீப்பை எடுக்கிறா.
தோ, வச்சுட்டா."
திட்டுவதென்றால் மலையாளத்தில்.
நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில்
திட்டு அந்த மொழியில்தான் கிடைத்தது.

ஜெபக்கூட்டத்தில் எண்ணெய் பூசினார்கள்.
உப்பு மந்திரித்தவர் அறுநூறு வாங்கினார்.
எட்டாம் மாதம் பாலக்காட்டுக்குப் பஸ் ஏறினோம்.

தைராய்டு சரி. மூளையில் கட்டி இல்லை.
"அப்ப நோயே இல்லையா?" என்றேன்.
"இந்த நோயைக் காட்டுற ரத்தப் பரிசோதனை இன்னும் வரலை.
வேற எதுவும் இல்லைன்னு பாக்கத்தான் இவ்வளவும்.
மிச்சத்தைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்"
என்று நாற்காலியை இழுத்துப் போட்டார் டாக்டர் ரெஹானா.

எப்போதிலிருந்து? ஆறு மாதம் தாண்டியதா?
குளிக்கிறாளா? தூக்கம்?
நீ நினைப்பது வெளியே யாருக்காவது கேட்கிறதா?
பெனிட்டா என்னைக் காட்டினாள்:
"எமல்டாவுக்குக் கேட்கும். பிறந்ததிலிருந்தே கேட்கும்."
டாக்டரின் பேனா நின்றது.
நோய்க்கணக்கில் எழுதுவதா,
இரட்டைப் பிறவிக் கணக்கில் எழுதுவதா?

மனச்சிதைவு என்று எழுதித் தந்தார்.
அந்தச் சீட்டை மடித்தேன். மறுபடி மடித்தேன்.
எவ்வளவு மடித்தும் கடைசி மூன்று எழுத்து
வெளியே தெரிந்தது.

டோபமின் என்று ஒன்று இருக்கிறதாம்.
இது முக்கியம், இதைப் பார் என்று
மூளைக்குள் முத்திரை குத்துகிற சரக்கு.
அது எக்கச்சக்கமாகச் சுரந்தால்
காலி லாரிக்கும் முத்திரை விழும்,
குழாய்ச் சொட்டுக்கும்.
"அது மட்டுமே காரணமில்லை" என்றும் சொன்னார்.

ஒரே கரு, ஒரே மரபணு. அப்படியானால் நான்?
"ஒருத்தருக்கு வந்தா இன்னொருத்தருக்கு
கிட்டத்தட்ட பாதி வாய்ப்பு. அதைவிடக் கொஞ்சம் கம்மி.
வயசு ஏற ஏற இன்னும் குறையும்."
எங்களுக்கு முப்பத்திரண்டு.
பாதிக்குக் கொஞ்சம் கம்மியை வைத்துக்கொண்டு
எப்படித் தூங்குவது என்று எழுதித் தரவில்லை.

கேட்க நினைத்து வாசல்வரை போய்த் திரும்பினேன்:
நான் முதலில் வந்தேன், டாக்டர்.
இருபத்தைந்து நிமிடம் கழித்து அவள்,
கழுத்தில் கொடி சுற்றி, நாவல்பழ நிறத்தில்.
வழியை நான் அடைத்தேனா?

அவர் சிரிக்கவில்லை.
"அப்படிப் பிறந்து நல்லா இருக்கிறவங்கதான் அதிகம்.
நூத்துக்கணக்கான மரபணு, ஒவ்வொண்ணும் ஒரு எலுமிச்சை எடை.
அதுக்கு மேல பிறப்பு, வளர்ப்பு, தூக்கம் கெட்ட ராத்திரி.
எந்த எலுமிச்சையால லாரி சாஞ்சதுன்னு
யாரும் சொல்ல முடியாது."

எனக்குத் தெரியும்.
பத்து கிலோவுக்குக் கீழே என் மேடை பார்க்காது.

இரவுப்பணியில் யாரோ "எமல்டா" என்றால்
உடனே திரும்புவதில்லை.
ரசீதுக்கு நிற்கும் டிரைவர்தான் என்று
ஜன்னலில் கை தெரிந்தபிறகே திரும்புகிறேன்.

மாத்திரையில் அவள் ஊதியிருக்கிறாள்.
குரல்கள் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டனவாம்,
காலி செய்யவில்லை.
நேற்று சாப்பாடு கொண்டுவந்தவள்
லாரி இல்லாத மேடையில் ஏறி நின்றாள்.
எழுபது.
அவளை இறக்கிவிட்டு நான் ஏறினேன். அறுபது.
இரண்டு பேரும் சேர்ந்து நின்றோம்.
கூண்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்:
நூற்றிருபது.

"பத்து கிலோ எங்கடி போச்சு?
உன் மெஷினுக்கும் ராத்திரி ஒரு மாத்திரை குடு"
என்று சிரித்தாள்.
பின்னால் ஒரு கோஸ் லாரி
இறங்குங்கள் என்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.