அரை அங்குலம்

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு
நூதனசாலைக் கேற்றில்
எங்கட பைகளைத் திறப்பார்கள்.
கத்தரிக்கோல் இருபத்திரண்டு.
செக்யூரிட்டி ரத்நாயக்க எண்ணி எண்ணி
பிஸ்கட் டின்னில் போட்டு
மாடிக்கு அவரே கொண்டுவருவார்,
சுவாமி காவுகிற மாதிரி.

ஓ எல் எழுதிவிட்டு
ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் நாங்கள்.
பழைய யூனிபோர்ம் முடிந்துவிட்டது,
அடுத்தது எந்தப் பள்ளிக்கூடம், தெரியாது.
ஒரு பொருளைத் தெரிவு செய்யுங்கள்,
அதிலிருந்து ஒரு உடுப்பு, என்றார் டிசைனர் மிஸ்.
சிங்காசனத்துக்கு முதல் நாளே ஆறு பேர்.
முகமூடிக்கு நாலு.
இமேஷா ஒரு யானைத்தந்தச் சீப்போடு
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று
சண்டை பிடிப்பதுபோல் கீறிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

செருப்பு வார் அறுந்து
தரையில் குந்தியபோதுதான் கண்டேன்:
ஏதோ ஒரு பிரதானியின் மேலங்கி,
அக்குளில்
பழுப்பாய் ஒரு வட்டம்.
பக்கத்தில் தையலைப் பிரித்து
மறுபடி ஓடவிட்ட தடம்.
நூல் நிறம் வேறு.
மனிதர் கொழுத்திருக்கிறார்.
பிரித்துவிட
உள்ளே அரை அங்குலம் இருந்திருக்கிறது.

வெட்டும்போதே யாரோ
இவர் இன்னும் சாப்பிடுவார் என்று
கணக்கு வைத்திருக்கிறார்கள்.
பலகையில் நாலு வரி, மூன்று மொழியில்.
அந்த ஆள் ஒரு மொழியிலும் இல்லை.

மிஸ்ஸைக் கூப்பிட்டேன்.
அவவும் முழந்தாளிட்டு
போன் வெளிச்சத்தை மேலே பிடித்தா.
பிறகு ஸுமையா. பிறகு சீப்புக்காரி.
குருணாகலிலிருந்து வந்த
மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எங்களைப் பார்த்து
வரிசையாய்க் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இதுக்குத் தமிழில் என்ன? என்றாள் இமேஷா.
தையல்.
பெண்ணுக்கும் அதே சொல்தான்,
பழைய புத்தகங்களில்.
அப்ப பெண்ணையும் பிரித்து
பெருப்பிக்கலாமா? இது ஸுமையா.
உள்ளே விட்டு வைத்திருந்தால், என்றேன்.
சிரித்தோம்.
இரவு அது அவ்வளவு சிரிப்பாய் இல்லை.

அம்மா இரத்மலானையில்
ஒரு நாளைக்கு எழுநூறு இடது கை தைக்கிறா.
வலது கையை அவ கண்டதே இல்லை.
தையலுக்குக் கால் அங்குலம்,
அதற்கு மேல் ஒரு நூல் போனாலும்
சூப்பர்வைசர் கத்துவானாம்.
என்ர வெட்டுத்துணியைத் தூக்கிப் பார்த்து,
இதென்ன, ஒன்றரை அங்குலம்?
இதில இன்னொரு பிள்ளைக்குத் தைக்கலாமே, என்றா.
ஓம், அதற்குத்தான், என்றேன்.
பிழையாய் விளங்கிக்கொண்டு
ஒரு நாள் முழுக்கக் கதைக்கவில்லை.

அரசாங்கம் தந்த வெள்ளைத் துணி,
இரண்டு பழைய யூனிபோர்மைப் பிரித்தது.
உள்பக்கம் வெளியே.
விளிம்புகள் எல்லாம் தெரிய, செதில் செதிலாய்.
பொக்கற் பதினொன்று.
பதினொரு வருஷம் போட்ட சட்டைகளில்
ஒன்றுகூட இருக்கவில்லை.
பஸ் காசைச் சொக்ஸுக்குள் வைத்து
நடந்த கால்கள் இவை.

கடைசிச் சனி, ஆலமரத்தின் கீழ் நடந்தோம்.
சித்திரை வெயில்.
சிங்காசனங்கள் ஆறும் வழுக்கின.
சீப்பு நன்றாய் இருந்தது, உண்மையாகவே.
எனக்குக் கைதட்டினார்களா
என்று ஞாபகமில்லை.
கையை உயர்த்த வெட்கமாய் இருந்தது:
அக்குளில் ஈரம்.

கேற்றில் ரத்நாயக்க டின்னைத் திறந்தார்.
இருபத்தொன்று.
மறுபடி எண்ணினார். இருபத்தொன்று.
என்னைப் பார்த்தார்,
என்ர சட்டையைப் பார்த்தார்,
பெருமூச்சு விட்டார்.
முதலாவதில் குண்டூசி.
இரண்டாவதில் சைனீஸ் ரோல்ஸ் பாதி.
நாலாவதில் செருப்பு வார்.
எட்டாவதில் கத்தரிக்கோல்,
சத்தியமாய் எனக்கே தெரியாது.
மிச்சத்தை அவர் பார்க்கவில்லை.

அதை உடுத்தபடியே
நூற்றிமுப்பத்தெட்டில் ஏறினேன்.
பஸ் முழுக்கத் திரும்பியது.
உள்பக்கம் வெளியே போட்டிருக்கிறியே மகள்,
என்றார் யாரோ சிங்களத்தில், மெதுவாய்.
கொண்டக்டர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.
ஐந்து, ஆறு, ஒன்பது,
எந்தப் பொக்கற்றில் வைத்தேன் காசை?