எலுமிச்சையில் வெந்த மீன்

கோன் கேனுக்கு வடக்கே, அணைத் தேக்கத்தில்
வலை போட்டவன் நான்.
விரல் நீள வெள்ளை மீன்கள்.
செதில் சுரண்டி, முள்ளோடு கொத்தி,
வறுத்த அரிசிப்பொடியும் மிளகாயும்
செவ்வெறும்பும் சேர்த்துப் பிசைந்தவன்
என் தம்பி தவோன்.

எலுமிச்சை பட்டதும் சதை வெளுக்கும்.
"பார், வெந்துவிட்டது" என்பான்.
நெருப்பைக் காணாத வேக்காடு.
ஒரே தட்டு, இரண்டு கை, நாற்பது வருடம்.

முதலில் அரிப்பு.
மூட்டைப்பூச்சி என்று
பாயை வெயிலில் போட்டாள் புவாலாய்.
பிறகு மூத்திரம் கடுந்தேநீராக இறங்கியது.
கண் மஞ்சளாயிற்று.
வலி இல்லை.
வலி இல்லாததை
அதிர்ஷ்டம் என்று நினைத்தோம்.

பள்ளிக்கூடத் திடலுக்கு ஸ்கேன் வண்டி வந்தது.
நிச்சரீ என்ற பெண்
தம்பியின் விலாவில் குளிர்ந்த ஜெல் தடவித்
திரையைத் திருப்பிக் காட்டினாள்:
கல்லீரலுக்குள் கறுத்து வீங்கிய கிளைகள்.
"பித்தம் இறங்கும் குழாய் இது.
மீனோடு போன புழு
வாடகை தராமல் குடியிருந்து
சுவரைச் சுரண்டிக்கொண்டே இருக்கும்.
சுவர் ஆறும். மறுபடி சுரண்டும். ஆறும்.
ஆறி ஆறி ஒரு நாள்
ஆறுவதை எங்கே நிறுத்துவது என்று
அதற்கு மறந்துவிடும்.
வழி அடைபட்ட பித்தம்
ரத்தத்தில் ஏறும்."

அடுத்து நான் படுத்தேன்.
"உங்களுக்கு ஒன்றுமில்லை."
ஏன் என்று கேட்டேன்.
அவள் ஒரு காகிதத் துணியை நீட்டினாள்,
துடைத்துக்கொள்ளச் சொல்லி.

அறுக்கும் கட்டம் தாண்டிவிட்டதாம்.
ஆஸ்பத்திரியில் சின்னக் குழல் ஒன்றைச் செருகினார்கள்.
மஞ்சள் இறங்கியது.
ஒன்றரை மாதம் தவோன் தவோனாக இருந்தான்,
சீட்டாட்டத்தில் ஏமாற்றினான்,
மீன் கேட்டான்.
புவாலாய் பொரித்துக் கொடுத்தாள்.
"இது வேறு ஏதோ மீன்" என்று
தட்டை என் பக்கம் தள்ளினான்.

சவப்பெட்டி வீட்டிலிருந்த மூன்றாம் இரவு,
துக்கத்துக்கு வந்தவர்கள் பின்கட்டில்
மீன் கொத்தும் சத்தம் கேட்டது.
எலுமிச்சை வாசனை.
நான் எழுவதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.
எண்ணெய் ஏற்கெனவே காய்ந்திருந்தது.
கிண்ணத்தோடு கவிழ்த்தாள், சட்டி சீறியது.
"ருசியே போச்சே" என்றான் ஒருவன்.
"போகட்டும்."

அந்த வலையை நான் விற்கவில்லை.
எலுமிச்சை அரியும்போதெல்லாம்
என் வாயில் இன்னும் எச்சில் ஊறுகிறது.
புவாலாயிடம் இதைச் சொன்னதில்லை.